எண்பத்து நான்கு கதிரைகள்

தன்னுடைய கலியாணத்துக்கு எண்பத்து நான்கு பேர்தான் வரலாம் என்று என் மகள் ஜெசிக்கா முதலில் சொன்னபோது, பகிடி விடுகிறாள் என்றுதான் நினைத்தேன். எண்பத்து நான்கு பேர் என்பது எங்கள் ஆட்களில் ஒரு கலியாண வீட்டுக்கு முதல்நாள் வெங்காயம் உரிக்க வருகிற கூட்டம். “எண்பத்தஞ்சாவது ஆள் வந்தா?” என்று கேட்டேன். “வரேலாது அப்பா. எண்பத்தஞ்சாவது கதிரை இல்லை,” என்றாள். அவள் இங்கே டென்மார்க்கில், ஓர்ஹுஸ் நகரத்தில் ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் வேலை செய்கிறாள். கதிரைக்கும் கதிரைக்கும் நடுவில் எத்தனை சென்ரிமீற்றர் விடவேண்டும் என்று கணக்குப் பார்ப்பதே அவளுக்குத் தொழில். அப்படிப்பட்டவளோடு கதிரையைப் பற்றி வாதாடி நான் எங்கே வெல்வது?

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் ஒரு பழைய படம். இரண்டு வருடத்துக்கு முன் அவளும் டானியலும் இங்கிலாந்துக்குச் சுற்றுலா போனார்கள். டானியல்தான் மாப்பிள்ளை. இங்கேயே அல்பர்ட்ஸ்லுண்டில் பிறந்த மன்னார்ப் பிள்ளை, குறை சொல்ல ஒன்றுமில்லை. அங்கே ஏதோ ஒரு சின்ன நகரத்து நூதனசாலையில், கண்ணாடிப் பெட்டிக்குள், ஆயிரத்துத் தொளாயிரத்து எட்டாம் ஆண்டு நடந்த ஒரு கலியாணத்தின் படம் இருந்திருக்கிறது. எட்வர்ட் அரசர் காலம், ஊரிலேயே பெரிய வீட்டுப் பெண். கழுத்து மூடிய லேஸ் உடுப்பில் மணமகள், வண்டிச் சில்லு அளவு தொப்பியில் இறகு குத்திய பெண்கள், உயரமான கறுப்புத் தொப்பியோடு ஆண்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. பக்கத்தில் அந்த ஊர்ப் பத்திரிகையில் வந்த செய்தியும் வைத்திருந்தார்களாம். ஜெசிக்கா இரண்டையும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு வந்தாள். அன்றைக்குப் பிடித்தது எங்களுக்குச் சனி.

சில்க்போர்க் நகரத்திலிருந்து காரில் இருபது நிமிடத் தூரத்தில், ஏரிக்கரையில், பழைய காலத்துப் பிரபு ஒருவரின் மாளிகையை வாடகைக்கு எடுத்தார்கள். தேவாலயத்திலிருந்து மணமக்கள் வரக் குதிரை வண்டி. ஆண்களுக்கு நீளக் கோட்டும் உயரத் தொப்பியும். பெண்கள் சேலை கட்டலாம், ஆனால் தலையில் தொப்பி இருக்கவேண்டும். என் மனைவி மேரிசெலின் கொண்டையைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டு, “இதுக்கு மேல தொப்பி எங்க நிக்கும்?” என்று கேட்டாள். அதற்கு ஊசி இருக்கிறது என்றாள் மகள். எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு ஊசி இருந்தது.

எனக்கும் இங்கிலிஷ் வாசிக்கத் தெரியும். பாதர்மாரின் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புவரை படித்தவன் நான். ஒருநாள் அந்தப் பத்திரிகைச் செய்தியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதாக வாசித்தேன். விருந்தினர் பெயர் மட்டும் இரண்டு பத்தி. அதற்குக் கீழே, மணமகளின் தகப்பனார் புல்வெளியில் கூடாரம் போட்டு நானூறு பேருக்குச் சாப்பாடு கொடுத்தார் என்று இருந்தது. குத்தகைக்காரர், கடைக்காரர், ஆலை வேலையாட்கள், தபால்காரர், அவர்களுடைய பிள்ளை குட்டிகள். எனக்குக் கை தட்டவேண்டும்போல் இருந்தது.

“இஞ்ச வந்து பார் பிள்ளை. நானூறு பேர்! தகப்பன்காரன் ஊரையே கூப்பிட்டிருக்கிறான். இது எங்கட கலியாணம். நீ செய்யிறதுதான் டேனிஷ்காரன்ர பிறந்தநாள்,” என்றேன்.

ஜெசிக்கா கோபம் வந்தால் டேனிஷுக்கு மாறிவிடுவாள். “அவர்களுக்கு வேலைக்காரர்கள் இருந்தார்கள் அப்பா. எனக்கு ஒரு மண்டபம் இருக்கிறது, அதில் தீப்பிடித்தால் எண்பத்து நான்கு பேர்தான் வெளியேறலாம் என்று சட்டம் இருக்கிறது,” என்றாள். சட்டம் என்று சொன்னால் இந்த நாட்டில் பேச்சு முடிந்தது.

எண்பத்து நான்கில் எங்கள் பங்கு முப்பது. என்னுடைய சகோதரங்கள், செலினுடைய சகோதரங்கள், சோடி சோடியாகப் பதினெட்டு. மிச்சம் பன்னிரண்டு கதிரைக்குக் கோயிலிலும் வேலைத்தலத்திலும் பழகிய ஆறு குடும்பங்களில் தாயும் தகப்பனும் மட்டும். பிள்ளைகள் இல்லை, பேரப்பிள்ளைகள் இல்லை, மச்சான் மச்சாள் இல்லை. “எனக்கு இருபத்தாறு கசின். ஒருத்தரைக் கூப்பிட்டா இருபத்தாறையும் கூப்பிட வேணும்,” என்றாள். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. நியாயம் இருந்ததுதான் இன்னும் எரிச்சல்.

கலியாணக் காட் தயாரானது. தடித்த பாலாடை நிறக் கடதாசி, கையெழுத்துப்போல எழுத்து, உறையின் பின்னால் சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை. ஒவ்வொன்றையும் டானியலே குத்தினான், இரண்டு விரலைச் சுட்டும் கொண்டான். எல்லாவற்றையும் தபாலில் அனுப்பினார்கள். அடியில் டேனிஷ் வழக்கப்படி இரண்டு எழுத்து: எஸ்.யூ. இன்ன திகதிக்குள் வருவீர்களா இல்லையா என்று பதில் தரவேண்டும் என்று அர்த்தம். மீனா இறைச்சியா என்றும் சொல்லவேண்டும்.

டேனிஷ்காரர் எல்லோரும் முதல் வாரமே பதில் எழுதிவிட்டார்கள். எங்கள் ஆட்களில் ஒருவர், ஒரே ஒருவர்கூட எழுதவில்லை. திகதி கடந்தது. மகள் எனக்கு ஒரு பட்டியல் அனுப்பினாள், பெயருக்குப் பக்கத்தில் ஓம், இல்லை என்று இரண்டு கட்டம் போட்டு. நான் செய்வது சமையலறை அலுமாரிகள் அடிக்கும் தொழிற்சாலையில் வேலை. வேலை முடிந்து வந்து, சொக்ஸைக்கூடக் கழற்றாமல், ரெலிபோனோடு குந்தினேன்.

“வராமல் விடுவமே அண்ணை!” என்றான் ஹேர்னிங்கில் இருக்கும் சுஜிந்தன், அந்த ஆறு குடும்பங்களில் ஒருவன்.

“அப்ப ரெண்டு பேரும் வாறியள்?”

“பாப்பம். மனிசிக்கு வேலை எப்பிடியெண்டு தெரியேல்ல.”

“வாறியோ வரேல்லையோ, அதைச் சொல்லு.”

“என்ன அண்ணை, இப்பவே உலை வைச்சிட்டியளோ?” என்று சிரித்தான். கலியாணத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. மீனா இறைச்சியா என்று கேட்டதற்கு, இருக்கிறதைப் போடுங்கோ என்றான். நான் ஓம் என்ற கட்டத்தில் புள்ளடி போட்டு, மீன் என்று எழுதினேன். அன்று பேசிய அத்தனை பேரும் இப்படித்தான். ஒருவராவது நேராக இல்லை என்று சொல்லியிருந்தால் அவருடைய காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன்.

ஆனால் இதெல்லாம் சில்லறைத் தலையிடி. உண்மையான தலையிடி, என் அண்ணனும் பதில் தராததுதான்.

அண்ணன் குருசுமுத்து பிரெடெரிசியாவில் இருக்கிறார். என்னைவிட ஒன்பது வயது மூப்பு. அப்பா செத்தபிறகு எங்களுக்கு அவர்தான் தலை. டென்மார்க்குக்கு அவர் முதலில் வந்து, பிறகு என்னை வரவைத்தார். என் கலியாணத்துக்கு விடியக்காலையே வந்து, கோயில் மண்டபத்துக் கதவடியில் நின்று, வந்த எல்லோரையும் அவரே கை கூப்பி உள்ளே எடுத்தார். நான் மாப்பிள்ளையாக நின்றேன், கலியாணத்தை நடத்தியது அவர். ஜெசிக்காவின் கலியாணத்தில் மாளிகைக் கதவடியில் எனக்குப் பக்கத்தில் அவர் நிற்கவேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம். குதிரை வண்டி வராமல் போகட்டும், கேக் சரிந்து விழட்டும், அண்ணன் நிற்கவேண்டும்.

போன் எடுத்தேன்.

“அண்ணை, காட் கிடைச்சதோ?”

“ஓம். வந்தது. வடிவான காட்.”

“அப்ப…”

“வேற என்ன தம்பி? அங்கயும் மழையோ?”

மூன்று தடவை எடுத்தேன். மூன்று தடவையும் மழையைப் பற்றித்தான் கதைத்தோம்.

“தபால்ல காட் அனுப்பினா அது சொன்னதாகுமோ?” என்றாள் செலின். “நாங்கள் ரெண்டு பேரும் வீட்டுக்குப் போய் வாயால சொல்லவேணும். உங்களுக்குத் தெரியாதே?”

தெரியாமலா? கலியாணம் சொல்வது என்றால் எங்களில் தாயும் தகப்பனும் சோடியாக வீட்டுக்குப் போய், காட்டைக் கையில் கொடுத்து, “வீட்டோட வந்து நடத்தித் தரவேணும்” என்று சொல்வதுதான். காட் வெறும் ஞாபகக் குறிப்பு. சொல்லாத வீட்டுக்கு மனிதர் போகமாட்டார்கள், பெரியவர்கள் போகவே மாட்டார்கள். தெரிந்துதான் நான் போகாமல் இருந்தேன். ஏனென்றால் வாயால் சொன்னால் வீட்டோடு சொல்லவேண்டும். அண்ணன் வீடு என்றால் அண்ணன், அண்ணி, மகன் ஜெனுஷன், மருமகள் பிரியந்தி, மூன்று பேரப்பிள்ளைகள். ஏழு பேர். எங்களுக்கு இருப்பது இரண்டு கதிரை.

போகப்போகிறேன் என்று ஜெசிக்காவுக்குச் சொன்னேன். அவள் தமிழிலேயே சொன்னாள். “போங்கோ அப்பா. பெரியப்பா வராட்டி எனக்கும் கவலைதான். ஆனா வீட்டோட எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. ஜெனுஷன் வந்தா மற்ற இருபத்தஞ்சு பேருக்கும் நான் என்ன சொல்லுறது?” அவள் குரல் அழுகைக்குக் கிட்ட இருந்தது. நான் சரி என்றேன். அந்தச் சரிக்காக என்னை நானே இன்றுவரைக்கும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிறு பூசை முடிய, செலின் சேலை கட்டி, நான் கோட்டுப் போட்டு, பெட்டியில் கேக் வாங்கிக்கொண்டு பிரெடெரிசியாவுக்குப் போனோம். ஒரு மணித்தியால ஓட்டம். வழி முழுக்க என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று இருவரும் ஒத்திகை பார்த்தோம். எந்தப் பக்கத்தால் சொன்னாலும் அந்த ஒரு வார்த்தை இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டை தெரிந்தது.

கதவு திறந்தபோது வீடு நிறைய ஆட்கள். சோடியாக வருகிறோம் என்றதும் எதற்கு வருகிறோம் என்று அவர்களுக்கு விளங்கிவிட்டது. அடுத்த தெருவில் இருக்கும் ஜெனுஷன் குடும்பத்தோடு வந்திருந்தான். பிள்ளைகளுக்குத் தலை வாரி, நல்ல உடுப்புப் போட்டிருந்தது. பிரியந்தி தட்டில் தேநீர் கொண்டுவந்தாள். அண்ணி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தா. ஏழு பேரும் வரவேற்பறையில் கூடியிருந்து, எங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் காட் கண்ணாடி அலுமாரிக்குள், மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருந்தது. அரக்கு முத்திரை உடைக்கப்படவில்லை.

ஜெனுஷனின் கடைசிப் பெண், ஆறு வயதிருக்கும், என்னிடம் டேனிஷில் கேட்டது: “குதிரை வெள்ளையா, மண்ணிறமா?”

“வெள்ளை,” என்றேன்.

தேநீரைக் குடித்தேன். சூடு நாக்கைப் பொசுக்கியது. செலின் என் முழங்கையை இடித்தாள். நான் எழும்பி நின்று, கை கூப்பி, “அண்ணை, ஜெசிக்காவின்ர கலியாணத்துக்கு நீங்களும் அண்ணியும் கட்டாயம் வரவேணும்,” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வசனம் இன்னும் முடியவில்லை, மிச்சம் வரும் என்று காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் நிலத்தைப் பார்த்தேன். வராது என்று விளங்க அவருக்குக் கனநேரம் எடுக்கவில்லை. பிரியந்தி நான் பாதி குடித்து வைத்த கோப்பையை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஜெனுஷன் தன் கைபேசியைப் பார்த்தான்.

“ஓம் தம்பி. வாறம்,” என்றார் அண்ணன். எழும்பிப் போய்க் காட்டை எடுத்து, மேசைக் கத்தியால் முத்திரையைப் பிளந்து, எங்களுக்கு முன்னாலேயே ஆறுதலாக வாசித்தார். “இந்தத் தொப்பி எங்க எடுக்கலாம்?” என்று கேட்டார். ஒரு விருந்தாளி கேட்கிற மாதிரி, அவ்வளவு மரியாதையாக.

திரும்பும்போது காருக்குள் நான் ஸ்டியரிங்கில் குத்தினேன். “போகாமல் விட்டிருந்தா அது காட்டின்ர பிழை. இப்ப என்ர பிழை,” என்று கத்தினேன்.

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை நல்ல வெயில். தேவாலயத்தில் ஜெசிக்கா கழுத்து மூடிய லேஸ் உடுப்போடு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பீடத்துக்கு முன்னால் டானியல் அதே லேஸ் கழுத்தைச் சுற்றித் தாலி கட்டினான். தாலிக்கொடி லேஸில் சிக்கி, பாதர் குனிந்து எடுத்துவிடவேண்டி வந்தது. என் மகள் அழகாகத்தான் இருந்தாள். எரிச்சலுக்கு நடுவிலும் அதைச் சொல்லத்தான் வேண்டும், எனக்குக் கண் கலங்கியது. செலினின் தலையில் தொப்பி பன்னிரண்டு ஊசியோடு ஆடாமல் நின்றது.

மாளிகை வாசலில் நான் நின்றேன். காட்டில் மூன்று மணி என்று போட்டிருந்தது. மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அண்ணனின் கார் வந்தது. எங்கள் ஆட்களில் முதல் ஆள் அவர். நீளக் கோட்டு, சாம்பல் கையுறை, உயரத் தொப்பி. அண்ணியின் தலையில் நீல இறகு வைத்த தொப்பி. காட்டில் எழுதியிருந்தபடி ஒரு நூல் பிசகாமல் வந்திருந்தார்கள். நான் ஓடிப்போனேன்.

“அண்ணை, வாங்கோ. என்னோட இதில நில்லுங்கோ. ஆக்கள் வரப்போகினம், நீங்கள்தானே எடுக்கவேணும்.”

அண்ணன் வாசலில் வைத்திருந்த பலகையைப் பார்த்தார். யார் எந்த மேசை என்று பெயர் பெயராக எழுதியிருந்த பலகை. “எங்களுக்கு நாலாம் மேசை எண்டு போட்டிருக்கு தம்பி,” என்றார். “இடத்தில போய் இருக்கிறம். பிறகு உங்களுக்கு ஒழுங்கு குழம்பும்.” அண்ணியைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். எங்களுக்கு என்று சொல்லாமல் அவர் சொன்ன “உங்களுக்கு” என்ற வார்த்தையில் நான் தனியாக நின்றேன். வந்தவர்களை நானே கை கூப்பி உள்ளே எடுத்தேன்.

ஐந்து மணிக்கு எல்லோரும் கதிரையில் இருந்தாயிற்று. இருந்தாயிற்று என்றா சொன்னேன்? பதினொரு கதிரை காலி. ஓம் என்ற கட்டத்தில் நான் புள்ளடி போட்ட ஆறு குடும்பங்களில் ஐந்து வரவே இல்லை. ஆறாவதில் புருசன் மட்டும் வந்தார். ஹேர்னிங்கில் அன்றைக்கே வேறொரு வீட்டில் ஐம்பதாவது பிறந்தநாள் விழாவாம். அவர்கள் நேரில் வந்து, வீட்டோடு சொல்லியிருக்கிறார்கள். சுஜிந்தன் வட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தான்: “அண்ணை, குறை நினைக்காதேங்கோ, பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வரச்சொல்லி அவை வந்து சொன்னவை…” மிச்சத்தைக் கேட்காமல் நிறுத்தினேன். எட்டுப் பேர் இருக்கவேண்டிய ஒன்பதாம் மேசையில் ஒரு ஈ காக்கை இல்லை. கடதாசியில் அழகாக எழுதிய எட்டுப் பெயர், மடித்த எட்டு நாப்கின். டேனிஷ்காரர் மரியாதைக்காக அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தார்கள். ஜெசிக்கா பார்த்தாள். “அப்பா, இவை எல்லாரும் ஓம் எண்டு சொன்னவைதானே?” என்று என் காதுக்குள் கேட்டாள். நான் என்ன சொல்ல? வராமல் விடுவமே என்று கேட்டால் அதை ஓம் என்று எழுதின மடையன் நான்தானே.

அந்த ஒன்பதாம் மேசையைப் பார்க்கப் பார்க்க எனக்குப் புத்தி மாறாடிவிட்டது. ஜெனுஷன், பிரியந்தி, மூன்று பிள்ளைகள். ஐந்து பேர். பிரெடெரிசியாவிலிருந்து ஒரு மணித்தியாலம். பெரிய சாப்பாடு இன்னும் தொடங்கவில்லை, குதிரைகூட இன்னும் போகவில்லை. ஜெசிக்காவிடம் கேட்கவும் இல்லை, செலினிடம் சொல்லவும் இல்லை. நேரே நாலாம் மேசைக்குப் போய் அண்ணனின் தோளில் கை வைத்தேன்.

“அண்ணை, ஜெனுஷனுக்கு ஒருக்கா போன் எடுங்கோவன். இப்ப வெளிக்கிட்டா ஆறு மணிக்குள்ள வந்திடுவாங்கள். பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வரட்டும். எல்லாரும் வரட்டும்.”

சொல்லும்போதே எனக்குச் சந்தோசமாக இருந்தது, அதுதான் கொடுமை. இரண்டு மாதமாக நெஞ்சில் கிடந்த கல்லை இறக்கிவிட்டேன் என்று நினைத்தேன்.

அண்ணன் திரும்பி ஒன்பதாம் மேசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஏன் தம்பி? கதிரை மிஞ்சிப்போச்சோ?”

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன், சண்டை பிடித்திருப்பேன், இரண்டு பேரும் வெளியே போய்க் கத்தியிருப்போம், ஏதாவது நடந்திருக்கும். பக்கத்தில் இருந்த டேனிஷ் கிழவிக்கு வெண்ணெயை நகர்த்திக் கொடுத்துக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டார். அண்ணி கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தா. யாரோ கிளாஸில் கரண்டியால் தட்டினார்கள், அப்படித் தட்டினால் மணமக்கள் முத்தம் கொஞ்சவேண்டுமாம், எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிறகு பேச்சுகள். மணமகளின் தகப்பன் முதலில் பேசவேண்டும் என்று டானியலின் கூட்டாளி அறிவித்தான். எழுதி வைத்திருந்ததை வாசித்தேன். அதில் அண்ணனைப் பற்றி நான்கு வரி இருந்தது, அவர் எங்களுக்கு அப்பா மாதிரி என்று. அந்த நான்கு வரியையும் தாண்டி வாசித்தேன். மண்டபத்தில் எல்லோரும் எழும்பி நின்று கிளாஸைத் தூக்கினார்கள், அண்ணனும் எழும்பித் தூக்கினார்.

அவர் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். போட்டதைச் சாப்பிட்டார். டேனிஷ்காரர் பாட்டுக் கடதாசியைப் பிடித்துப் பாடியபோது அவரும் கடதாசியைப் பிடித்தார். மாளிகைப் படிகளில் அந்தப் பழைய படம் மாதிரியே ஒரு படம் எடுத்தார்கள். படப்பிடிப்பாளர் கைகாட்டிய இடத்தில், மூன்றாம் வரிசையில், தொப்பியை நேராக்கிக்கொண்டு நின்றார். சிரிக்கக்கூடாது என்று சொன்னார்கள். எங்கள் இருவருக்கும் அது கஷ்டமாக இருக்கவில்லை.

கோப்பியும் கேக்கும் முடிந்தபோது எட்டு மணி இருக்கும். ஜூன் மாதம், ஏரியில் வெயில் இன்னும் பளிச்சென்று அடித்தது. வெளிக்கிட்ட விருந்தினர் வாசலில் வரிசையாக நின்று எங்களுக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்கள். டேனிஷ்காரரின் வழக்கம் அது. எங்கள் ஆட்கள் போகும்போது “அப்ப வரட்டே” என்பார்கள், சொந்தக்காரர் அதுகூடச் சொல்லாமல் சட்டியில் மிஞ்சியதைக் கட்டிக்கொண்டு போவார்கள். அந்த வரிசையில், டானியலின் முதலாளிக்கும் ஒரு டேனிஷ் சோடிக்கும் நடுவில், அண்ணனும் அண்ணியும் நின்றார்கள்.

அவர்களுடைய முறை வந்தது. அண்ணன் கையுறையைக் கழற்றினார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முப்பத்தேழு வருடமாக இந்த நாட்டில் இருக்கிறோம், அவர் எனக்குக் கை கொடுத்தது அதுதான் முதல் தடவை.

“தக் ஃபோ இ டே,” என்றார்.

இன்றைய நாளுக்கு நன்றி என்று அர்த்தம். இந்த நாட்டில் விருந்துக்குப் போனவர் வீட்டுக்காரருக்குச் சொல்லிவிட்டுப் போவது. நானும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், முதலாளிக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு, ஜெசிக்காவின் பள்ளிக்கூடத்துத் தாய் தகப்பனுக்கு. என் இரத்தத்தில் பிறந்த ஒருவர் என்னிடம் சொல்லக் கேட்டதில்லை. அண்ணை, அப்பிடிச் சொல்லாதேங்கோ என்று அவருடைய கையை விடாமல் பிடித்திருக்கவேண்டும். பின்னால் வரிசை நின்றது, செலின் பக்கத்தில் டேனிஷில் யாருக்கோ சிரித்துக்கொண்டிருந்தாள், வரிசையில் வந்த எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் பழகிப்போயிருந்தது.

“ஸெல் தக்,” என்றேன். நன்றி உங்களுக்குத்தான் என்று.

அண்ணன் தலையை ஆட்டினார். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, பின்னால் நின்றவர்களுக்கு வழி விட்டு, அண்ணியோடு படியிறங்கிப் போனார்.